இடுப்பை மறந்த இயற்கைவாதம்

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை பென்சிலோடு. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: கோல்ஃபில் உடம்பின் நிலையைப் பற்றிப் பேசுவதெல்லாம் பயிற்சியாளர்கள் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கச் செய்த ஏற்பாடு, ஒவ்வொரு உடம்பும் தனக்கான ஸ்விங்கைத் தானே கண்டுகொள்ளும், முதுகுச் சாய்வு, இடுப்பு மடிப்பு என்று கவலைப்படுகிறவன் பந்தை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறான். நடை நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் கூண்டில் ஏற்றிய சாட்சிகள் எல்லாரும் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார்கள். அதை அவர் கவனிக்கவே இல்லை.

முதல் சாட்சி ஜிம் ஃப்யூரிக். கோல்ஃபில் ஒழுங்கை எதிர்க்கிற எல்லாருக்கும் அவர்தான் குலதெய்வம். கிளப்பைக் கிட்டத்தட்ட நேராக வானத்துக்குத் தூக்குவார், உச்சியில் ஒரு சுழி சுழிப்பார், பிறகு அது முதுகுப் பக்கமாக விழுந்து கீழே வரும். மரத்திலிருந்து விழுகிற ஆக்டோபஸ் மாதிரி என்று வர்ணனையாளர் டேவிட் ஃபெஹர்ட்டி கிண்டல் செய்தது அந்த ஸ்விங்கைத்தான். அப்படி ஆடியவர் 2003இல் அமெரிக்க ஓபனை வென்றார். 2016இல் டிராவலர்ஸ் போட்டியின் கடைசி நாளில் பதினெட்டுக் குழியையும் 58 அடியில் முடித்தார், பிஜிஏ டூரில் அதற்கு முன் யாரும் எடுக்காத எண். பார்த்தீர்களா, நிலை கிலை எல்லாம் பொய் என்று நண்பர் முடித்துவிட்டார்.

நண்பர் பார்த்தது கையை. ஃப்யூரிக் ஆடும் ஒரு காணொளியை, அவருக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கி எடுத்ததாகப் பார்த்து, பந்துக்கு முன் நிற்கும்போதே நிறுத்துங்கள். அவருடைய பின்புறத்தைத் தொட்டபடி திரையில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். பிறகு கிளப் பந்தைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். பின்புறம் இன்னும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். இடுப்பு இலக்குப் பக்கம் திறந்திருக்கும், நெஞ்சு பந்தைப் பார்த்துக் குனிந்தே இருக்கும். கூத்தெல்லாம் கிளப்பில்தான். உடம்பு தொடங்கிய சாய்விலிருந்து இம்மி நகரவில்லை. தேர் எப்படி ஆடி அசைந்து வந்தாலும் அச்சு அசைவதில்லை. அசைந்தால் அது தேரோட்டம் இல்லை, விபத்து. நண்பர் மேலே ஆடுகிற அலங்காரத் துணியைப் பார்த்துவிட்டு, இந்தத் தேருக்கு அச்சே கிடையாது என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. ஃப்யூரிக்கை அவர் ‘யாரும் சொல்லிக்கொடுக்காத மேதை’ ஆக்கியிருக்கிறார். ஃப்யூரிக்கின் அப்பா மைக் ஒரு கிளப்பில் தொழில்முறைப் பயிற்சியாளராக இருந்தவர், மகனுக்கு அவர்தான் ஆசான். நண்பரின் இரண்டாம் சாட்சியான ஆர்னால்ட் பால்மருக்கும் அதே கதை. அப்பா டீக்கன் பால்மர் பென்சில்வேனியாவில் லட்ரோப் கிளப்பின் புல்தரையைப் பராமரித்தவர், பிறகு அங்கேயே பயிற்சியாளர். வீட்டிலேயே வாத்தியார் இருந்தவர்களைக் காட்டி வாத்தியாரே வேண்டாம் என்கிறார். பப்பா வாட்சனைச் சொல்லியிருந்தால் வாதம் இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருக்கும். முறையான பயிற்சி எதுவும் பெறாமல், சிறுவயதில் வீட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பந்தை அடித்துப் பழகி, 2012, 2014 என்று இரண்டு மாஸ்டர்ஸ் வென்றவர் அவர். தன் கட்சிக்கு இருந்த ஒரே நல்ல சாட்சியைக் கூப்பிட மறந்த வக்கீலை என்ன சொல்வது?

தவறின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ‘நிலை’ என்றால் புகைப்படத்துக்கு நிற்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முதுகைக் கடப்பாரை மாதிரி வைத்துக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு, கடையில் நிற்கிற பொம்மை மாதிரி நிற்பது. அதைக் கேலி செய்ய நானும் வருகிறேன். ஆனால் உடம்பின் நிலை என்று சொல்கிறவர்கள் அதைச் சொல்லவில்லை. இடுப்பு மூட்டில் மடிந்து, தண்டுவடம் தரையை நோக்கி ஒரு சாய்வில் நிற்கிறது. அந்தச் சாய்வைப் பந்தை அடித்து முடிக்கும்வரை காப்பாற்றுவதுதான் விஷயம். அப்படிக் காப்பாற்றத் தண்டுவடம் அசையாமல் இருக்கவும் முடியாது. வலக்கைக்காரர் கிளப்பைப் பின்னால் கொண்டுபோய் உச்சியில் நிற்கும்போது அவர் உடம்பு இடப்பக்கம் வளைந்திருக்கிறது, முன்குனிவு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. பந்தைத் தொடும்போது வலப்பக்கம் வளைந்திருக்கிறது. உள்ளே இவ்வளவு மாற்றம் நடந்தால்தான் வெளியே சாய்வு மாறாமல் தெரியும். விறைத்து நிற்கச் சொன்னவர் யாருமில்லை. இல்லாத எதிரியோடு நண்பர் கத்திச்சண்டை போட்டு வென்றிருக்கிறார்.

நான் பந்தடித்துப் பழகப் போகிற ரேஞ்சில், பின்புறம் வேலியோரம், ஒருவர் மண்வெட்டியால் வாய்க்கால் எடுத்துக்கொண்டிருப்பார். அவரை அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன், பந்தடிப்பதை விட்டுவிட்டு. கால் அகலம் தோள் அகலம். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கும். குனிவு வயிற்றில் இல்லை, இடுப்பில். மண்வெட்டி மேலே போகிறது, கீழே வருகிறது, அலகு மண்ணைக் கடிக்கும்வரை பின்புறம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாதி வெட்டில் அவர் நிமிர்ந்தால் அலகு மண்ணுக்கு மேலே காற்றைச் சீவும், இல்லையென்றால் தன் காலிலேயே விழும். அவருக்கு யாரும் ‘தண்டுவடச் சாய்வு’ என்று சொல்லித்தரவில்லை, உண்மை. ஆனால் அவர் செய்வது அதேதான். நண்பர் அவரைப் பார்த்திருந்தால் ‘இயற்கை’ என்று எழுதியிருப்பார். நான் அவரைப் பார்த்து இருபது வருட வேலை என்கிறேன். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்கும் ஒன்று இருக்கிறது, சின்னதுதான். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பாதி என்றால் 21 மில்லிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம். கிளப் கீழே வரும் கால் நொடியில் உடம்பு அந்தக் கட்டைவிரல் அகலம் நிமிர்ந்து, கை அதைச் சரிக்கட்டவில்லை என்றால், கிளப்பின் விளிம்பு பந்தின் அடியில் நுழைவதற்குப் பதில் அதன் வயிற்றில் இடிக்கும். கை சரிக்கட்டத்தான் பார்க்கும். ஒரு நாள் சரியாக, மறுநாள் தப்பாக. ‘நேத்து நல்லா அடிச்சேன் சார், இன்னிக்கு என்னவோ ஆயிடுச்சு’ என்று எல்லா கிளப்பிலும் கேட்கிற ஒப்பாரி அங்கேதான் பிறக்கிறது.

ஜஸ்டின் தாமஸின் குதிகால் பந்தடிக்கும்போது தரையை விட்டு எழும்புகிறதே, அவர் எங்கே நிலையைக் காத்தார் என்று நண்பர் கேட்கிறார். எழும்புவது கால். முன்கால் நிமிரும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலேயும் பின்னேயும் போகிறது, பந்தை நோக்கி முன்னே போகவில்லை. நெஞ்சு குனிந்தே இருக்கிறது. தரையை உதைத்து வேகம் எடுப்பது வேறு, பயந்து நிமிர்வது வேறு. இதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

இனி கட்டுரையின் சிகரம். நிலை வேண்டாம், சாய்வு வேண்டாம், வாத்தியார் வேண்டாம் என்று மூன்று பக்கம் முழங்கிவிட்டு, கடைசிப் பத்தியில் தன் பங்குக்கு ஒரே ஒரு அறிவுரை தருகிறார்: தலையைத் தூக்காதீர்கள், மற்றதெல்லாம் தானாக வரும். கோயிலை இடித்துவிட்டு வாசலில் உண்டியலை மட்டும் வைத்துக்கொண்ட கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எந்த ரேஞ்சிலாவது போய் நில்லுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்போடு நிற்பார். வாளி நிறையப் பந்து. அடிப்பார். பந்து எழும்பாமல் எலி மாதிரி தரையோடு ஓடும். உடனே பக்கத்துப் பாயிலிருந்து, பின்னாலிருந்து, பந்து பொறுக்குகிற பையனிடமிருந்து ஒரே குரல்: ‘சார், தலையைத் தூக்கிட்டீங்க.’ மனிதர் தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள்வார். அடுத்த அடி பந்துக்கு முன்னாலேயே பாயில் இடித்து முழங்கை வரை அதிரும். அதற்கடுத்தது கிளப்பின் கழுத்தில் பட்டு வலப்பக்கத் தடுப்பு வலையில் மோதும், அடுத்த பாயில் நிற்பவர் ஒதுங்குவார். மறுபடியும் ‘தலை சார், தலை.’ தலைக்கு இந்த விஷயத்தில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தால் தெரியும்: கிளப் கீழே இறங்கத் தொடங்கியதும் இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளுகிறது. இடுப்பு முன்னே வந்தால் கைக்கு இடமில்லை, கைக்கு இடம் கொடுக்க மார்பு நிமிர்கிறது, மார்பு நிமிர்ந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற தலையும் கூட வருகிறது. ஐந்து கிலோ எடையுள்ள தலை தானாக எழுந்து போய்விடாது. காய்ச்சல்காரனின் நெற்றியில் ஐஸ் வைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்கிறார் நண்பர். தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. வலத்தோள் தாடைக்கு அடியில் கடந்துபோக வழியில்லாமல் போய், உடம்பு சுழலாமல் கை மட்டும் வீசுகிறது.

இதில் ஜாக் நிக்லாஸின் கதையை வேறு துணைக்கு இழுத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தலை ஆடாமலிருக்க, ஆசான் ஜாக் கிரவுட்டின் உதவியாளர் அவன் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கண்ணில் நீர் வர அவன் பந்தடித்தான் என்பது உண்மைதான். ஆனால் முடியைப் பிடித்தது அச்சைக் காப்பாற்ற, தாடையைப் புதைக்க அல்ல. அந்தப் பாடத்திலேயே கிரவுட் அவனை முடிந்தவரை தோளைத் திருப்பவும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாதியை நண்பர் கத்தரித்துவிட்டார்.

தலையைத்தான் பூட்டிவைக்க வேண்டும் என்றால் அன்னிகா சோரன்ஸ்டாமை என்ன செய்வது? கிளப் பந்தைத் தொடுவதற்கு முன்பே அவர் முகம் இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும், கண் பந்தில் இருக்காது. டேவிட் டுவாலும் அப்படித்தான். அன்னிகா 2001இல் 59 அடித்தார், எல்பிஜிஏ வரலாற்றில் முதல் 59. டுவால் 1999இல் பாப் ஹோப் போட்டியின் கடைசி நாளில் 59 அடித்து வென்றார், 2001இல் பிரிட்டிஷ் ஓபனையும் எடுத்தார். இருவருடைய தலையும் திரும்பியது, சாய்வு மாறவில்லை. ஃப்யூரிக்கின் 58ஐயும் சேர்த்து மூன்று பேரையும் வரிசையாக நிறுத்துங்கள். ஒருவருக்குக் கை விசித்திரம், இருவருக்குத் தலை விசித்திரம். மூவருக்கும் பொதுவாக மிஞ்சுவது எது என்று நண்பர் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

டைகர் வுட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மட்டும் கொஞ்சம் இறங்கிப் பேச வேண்டியிருக்கிறது. நிலையைக் காக்கிறேன் என்று முதுகைப் பாழாக்கிக்கொண்டார் என்பது நண்பரின் வாதம். 2014இல் முதல் முதுகு அறுவை, 2015இல் இரண்டு, 2017 ஏப்ரலில் தண்டுவடத்தின் அடிக்கணுவை இணைக்கிற நான்காவது. இரண்டு வயதில் தொலைக்காட்சியில் பந்தடித்துக் காட்டிய நாள் முதல் கணக்கில்லாமல் அடித்தவரின் முதுகு ஒரே காரணத்தால் தேய்ந்தது என்று சொல்ல நண்பருக்கு எந்த எக்ஸ்ரே கிடைத்தது? கோல்ஃப் ஸ்விங் முதுகுக்குச் சுகமானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கம் பத்துப் பதினைந்து டிகிரி திரும்பினாலே பெரிது. தோளோ தொண்ணூறு டிகிரி திரும்ப வேண்டும். மிச்சத்தை இடுப்பு மூட்டும் மேல்முதுகும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கீழ்முதுகு கடன்படும். எழுபதுகளில் நிக்லாஸும் ஜானி மில்லரும் முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து முடிப்பார்கள். அது அழகு என்று உலகமே பின்பற்றி, பிறகு முதுகுவலிக்கு அஞ்சிக் கைவிட்டது. ஆனால் இவையெல்லாம் நிலை ஏன் வேண்டும் என்பதற்கான காரணங்கள். நண்பர் அவற்றையே அது ஏன் வேண்டாம் என்பதற்குச் சொல்கிறார். அந்த நான்கு அறுவைக்குப் பிறகு, 2019இல் மாஸ்டர்ஸ் வென்றாரே அதே டைகர், அதைக் கட்டுரையில் தேடினேன். இல்லை.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டியது, ஆட்டக்காரரின் பையைத் தூக்கி நடக்கும் கேடிகளைப் பற்றி நண்பர் எழுதியது. டெல்லியில் கேடியாக இருந்து 1991லும் 1993லும் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேரையும், பெங்களூரில் கேடியாகத் தொடங்கி 2009இல் அதே பட்டத்தை எடுத்த சி. முனியப்பாவையும் காட்டி, இவர்களுக்கு யார் இடுப்பு மடிப்பைச் சொல்லித்தந்தார்கள் என்று கேட்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளை கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ‘இயற்கை’ என்று பெயரிட்டுப் பறித்துக்கொள்வது பழைய வழக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடக்கிற பையன், ஒவ்வொரு குழியிலும் உட்கார்ந்து எழுந்து கோடு பார்க்கிற பையன், நல்ல ஆட்டக்காரர்களின் ஆயிரம் ஸ்விங்கைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவன். அவனுக்கு வகுப்பு நடக்கவில்லை என்று நண்பருக்கு யார் சொன்னது? அது முழுநாள் வகுப்பு. கேடியாக இருந்தவர்கள் நிலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பென் ஹோகனிடம் போகலாம். டெக்சஸில் ஃபோர்ட்வொர்த் ஊரின் க்ளென் கார்டன் கிளப்பில் பை தூக்கியவர். 1957இல் அவர் எழுதிய புத்தகத்தில் மொத்தமே ஐந்து பாடங்கள். இரண்டாவது முழுக்க முழுக்க நிற்கும் விதம், உடம்பின் நிலை.

வேலியோரம் மண்வெட்டியோடு நின்றவரிடம் திரும்பி வருகிறேன். அவருக்கும் முனியப்பாவுக்கும் இருக்கிற இடுப்பு நண்பருக்கும் எனக்கும் இல்லை. நான் இருபத்தேழு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவன். நண்பரும் அப்படித்தான் என்பது அவர் கட்டுரையிலேயே இருக்கிறது. சாம் ஸ்னீட் 1965இல் கிரீன்ஸ்போரோவில் வென்றபோது வயது 52. முழங்காலை மடக்காமல் குனிந்து குழியிலிருந்து பந்தை எடுக்கக்கூடிய உடம்பு அது, வர்ஜீனியா மலைக்காட்டில் வளர்ந்தது. அவரைப் பார்த்து ‘உடம்பு தானே கண்டுகொள்ளும்’ என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். என் உடம்பு கண்டுகொண்டது நாற்காலியை மட்டும்தான்.

நண்பரின் வழியை நான் மூன்று வருடம் கடைப்பிடித்தவன், அதனால்தான் இவ்வளவு பேச்சு. உடம்பு வழிகாட்டும் என்று நம்பி வாரம் இரண்டு நாள் அடித்தேன். வழிகாட்டியது, நேராக பிசியோதெரபிஸ்டிடம். அந்த அம்மா முதலில் கிளப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு துடைப்பக் குச்சியை என் முதுகோடு நெட்டுக்குத்தாக வைத்து, பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் தொடும்படி பிடித்துக்கொண்டு குனியச் சொன்னார். மூன்றில் எதுவும் குச்சியை விடக் கூடாது. நான் இருபது டிகிரி போயிருக்க மாட்டேன், வால் எலும்பு விட்டுப்போயிற்று, முதுகு ஆமையாக வளைந்தது. ‘நீங்க இடுப்புல குனியறதே இல்ல சார், வயித்துல குனியறீங்க’ என்றார். மூன்று வருடமாக நான் நிலையையே எடுக்கத் தெரியாமல் இருந்தேன். இல்லாததை எப்படிக் காப்பாற்றுவது?

ஆகவே நண்பருக்கு ஒரு வேலை. பயிற்சியாளர் வேண்டாம், காசு வேண்டாம். வீட்டில் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று இருக்கும், மொட்டைமாடியிலாவது. கறுப்பு பேண்ட் போட்டுக்கொண்டு, பின்புறத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடம் விட்டு நில்லுங்கள். கிளப் வேண்டாம், கையைக் குறுக்கே நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் மடியுங்கள். பின்னால் திரும்பும்போது வலப்பக்கம் சுவரைத் தொட வேண்டும். முன்னால் சுழலும்போது வலது விடுபட்டு இடப்பக்கம் தொட வேண்டும். இருபது முறை செய்துவிட்டுப் பேண்ட்டைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை இருந்தால் அடுத்த இதழில் என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு முதல் நாள் வலப்பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது, இடது சுத்தக் கறுப்பு. இடதில் தொடர்ந்து வெள்ளை விழ நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், துவைத்தும் போகாத சுண்ணாம்பைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், ஒரு நாள் கேட்டேவிட்டார்: ‘தப்பா நெனக்காதீங்க சார், வீட்ல சேர் எதுவும் இல்லையா?’